மாணவனுக்கு வெளிச்சம் இல்லையாம்!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். எங்கள் ஸ்பானிஷ் வகுப்பு. வகுப்பு என்றால் பெஞ்சு, கரும்பலகை எல்லாம் கிடையாது. கணினித் திரையில் பதினோரு கட்டங்கள், அதில் ஒன்றில் என் வழுக்கைத் தலை. மகள் குடும்பம் ஸ்பெயினில், செவில் நகரத்தில் இருக்கிறது. பேத்தியோடு அவள் பள்ளிக்கூடத்து மொழியில் நாலு வார்த்தை பேசவேண்டும் என்று ஆரம்பித்த படிப்பு, இப்போது நாலாவது வருஷத்தில் நிற்கிறது.

அன்றைக்குப் புதிதாக ஓர் ஆசிரியை வந்திருந்தார். ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார். என் முறை வந்தது. “நான் ஓய்வு பெற்றவன். இப்போது உங்கள் மொழிக்கு மாணவன்” என்று சொன்னேன். மாணவன் என்பதற்கு ‘அலும்னோ’ என்ற சொல்லைப் போட்டிருந்தேன்.

ஆசிரியை சிரித்துக்கொண்டே திருத்தினார். “அலும்னோ வேண்டாம் சார். அது நல்ல வார்த்தை இல்லை. ‘அ’ என்றால் இல்லாமல். ‘லூமென்’ என்றால் லத்தீனில் வெளிச்சம். வெளிச்சம் இல்லாதவன் என்று அர்த்தம் வருகிறது. மாணவர்களை அப்படிச் சொல்லலாமா? நாங்கள் இப்போது எஸ்துதியாந்தே என்றுதான் சொல்கிறோம்.”

மற்றப் பத்துக் கட்டங்களிலும் தலைகள் ஆடின. எல்லோரும் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். இரவு ஒன்பது மணிக்குள் வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் மெழுகுவர்த்திப் படத்தோடு அதே செய்தி வந்துவிட்டது. பதினாலு கைதட்டல், ஆறு இதயம்.

நான் மட்டும் கைதட்டவில்லை. எனக்குத் தூக்கமே வரவில்லை.

காரணம் என் பழைய உத்தியோகம். முப்பத்திரண்டு வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். ஒரு சொத்து யாருடையது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிப் பழக்கமில்லை. மூலப் பத்திரம் எங்கே? நடுவில் யார் யார் கை மாறியது? வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா? இந்த மூன்று கேள்வியும் என் நாக்கிலேயே ஊறிப்போனவை. ஒருமுறை 1961-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் என்று ஒன்று வந்தது. காகிதம் பழுப்பு, மசி மங்கல், கைநாட்டு எல்லாம் கச்சிதம். ஆனால் சொத்து விவரத்தில் ‘தமிழ்நாடு மாநிலம்’ என்று எழுதியிருந்தது. மாநிலத்தின் பெயர் மாறியதே 1969-இல்தான். அந்த ஒரு வார்த்தையில் மொத்தப் பத்திரமும் போலி என்று ஆகிவிட்டது.

‘அலும்னோ என்றால் வெளிச்சம் இல்லாதவன்’ என்பதும் அப்படிப்பட்ட பத்திரம்தான். பார்க்கப் பழசு மாதிரி இருக்கும். தொட்டால் மசி கையில் ஒட்டும்.

எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ‘அ’. ‘இல்லாமல்’ என்று பொருள் தருகிற ‘அ’ முன்னொட்டு கிரேக்கத்தின் சொத்து. பிளக்க முடியாதது ‘அதோமோ’, அணு. கடவுள் இல்லை என்பவன் ‘அதேயோ’. கலக்கம் இல்லாத மனம் ‘அதராக்சியா’. மூன்றும் ஸ்பானிஷ் சொற்கள், மூன்றும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. லத்தீனில் மறுப்பதற்கு ‘இன்’ என்று போடுவார்கள். ஸ்பானிஷில் ‘இன்மார்செசிப்லே’ என்று ஓர் அபூர்வமான சொல் இருக்கிறது. வாடவே வாடாதது என்று பொருள். கொலம்பியா நாட்டு தேசிய கீதத்தின் முதல் வரியிலேயே வருகிறது. வாடுதல் என்ற லத்தீன் வினை, அதற்கு முன்னால் ‘இன்’. இதுதான் லத்தீன் வழக்கம். வெளிச்சத்துக்கு லத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டு, இல்லை என்பதற்குக் கிரேக்க முன்னொட்டை ஒட்டுவது, 1961-இல் ‘தமிழ்நாடு மாநிலம்’ என்று எழுதிய கதைதான்.

இரண்டாவது, இந்தச் சொல்லுக்கு உண்மையான மூலப் பத்திரம் இருக்கிறது, தொலையவில்லை. லத்தீனில் ‘அலும்னுஸ்’ என்று ஒரு சொல் ரோமாபுரிக் காலத்திலேயே புழக்கத்தில் இருந்தது. பொருள், வளர்ப்புப் பிள்ளை. சோறு ஊட்டி வளர்க்கப்பட்டவன். வேர்ச்சொல் ‘அலேரே’. உணவு கொடுத்து வளர்ப்பது. ஸ்பானிஷில் உணவுக்கு ‘அலிமெந்தோ’ என்று சொல்கிறோமே, அதுவும் இதே வேர். கடைசியில் வருகிற ‘ம்னுஸ்’ பழங்காலத்து விகுதி. ‘செய்யப்பட்டவன்’ என்ற பொருளைத் தரும். கிரேக்கத்தில் இதன் உடன்பிறப்பு ‘மெனோஸ்’. ‘ஃபெனோமெனோ’ என்ற சொல்லின் வால் அதுதான். ஆக ‘ஊட்டப்பட்டவன்’, அலும்னோ. ‘அல்மா மாதெர்’ என்று நாம் படித்த கல்லூரியைச் சொல்கிறோமே, அந்த ‘அல்மா’வும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஊட்டி வளர்க்கிற தாய். அவள் தாய், இவன் பிள்ளை. ஒரே குடும்ப அட்டை.

மூன்றாவது, கை மாறிய வழி. லத்தீன் சொற்கள் ஸ்பானிஷுக்குள் இரண்டு வாசல் வழியாக வந்தன. ஒன்று தெருவாசல். ஜனங்கள் வாயில் ஆயிரம் வருஷம் உருண்டு தேய்ந்து வந்தவை. இன்னொன்று புத்தக வாசல். படித்தவர்கள் லத்தீன் நூல்களிலிருந்து அப்படியே எடுத்துவந்தவை. தெருவாசல் வழியாக வந்த சொல்லில் ‘ம்ன’ என்ற ஒலி ‘ஞ’ ஆகிவிடும். இலையுதிர் காலம் ‘அவுதும்னுஸ்’, அது ‘ஒதோஞோ’ ஆயிற்று. சேதம் ‘தம்னும்’, அது ‘தாஞோ’. தூக்கம் ‘சொம்னுஸ்’, அது ‘சுவேஞோ’. அலும்னோவில் ‘ம்ன’ சிதையாமல் நிற்கிறது. அப்படியானால் அது புத்தக வாசல் வழியாக, லத்தீன் சட்டையைக் கழற்றாமலே வந்திருக்கிறது. நடுவில் யாரும் திருத்தி எழுத இடமே இல்லை.

மூன்று சோதனையும் ஆயிற்று. வில்லங்கம் இல்லாத சொல் என்று நான் சான்று தருவேன்.

இதை மறுநாள் குழுவில் எழுதினேன். சுருக்கமாகத்தான் எழுதினேன். மதியம் ஒரு பெண் தனியாகக் கூப்பிட்டாள். கூடப் படிக்கிறவள், மென்பொருள் கம்பெனியில் வேலை, நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை.

“அங்கிள், நீங்க சொல்றது கரெக்டாவே இருக்கட்டும். ஆனா அந்த மெசேஜ் நல்ல மெசேஜ்தானே? மாணவனை மட்டமா பேசக்கூடாதுன்னுதானே சொல்றாங்க? எங்கேயிருந்து வந்தா என்ன அங்கிள்?”

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். “எங்கேயிருந்து வந்தால் என்ன” என்கிற இந்த வார்த்தையை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். போலிப் பத்திரத்தில் இடம் வாங்கியவர்களும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். இடம் நன்றாக இருக்கிறதே சார், காற்றோட்டமாக இருக்கிறதே சார்.

நல்ல எண்ணத்தில் சொன்ன பொய் என்ன செய்தது என்று பாருங்கள். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் இந்தக் கதை ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களிலும் கல்விக் கட்டுரைகளிலும் வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. பக்கத்தில் பிரேசிலில் போர்த்துகீஸ் மொழியிலும் இதே கதை உலவுகிறது. அதைக் கேட்டுவிட்டு ‘அலும்னோ’ என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூசுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாணவனை உயர்த்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு, மாணவனுக்கு இருந்ததிலேயே அன்பான பெயரை அவர்களே பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். ‘எஸ்துதியாந்தே’ என்றால் படிக்கிறவன். அது அவன் செய்கிற வேலை. ‘அலும்னோ’ என்பது அவனுக்கு மற்றவர்கள் செய்யவேண்டிய கடமை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால், ஊட்டவேண்டியவர்கள் மெதுவாகப் படத்திலிருந்து வெளியே போய்விடலாம். மாணவன் மட்டும் தனியாகப் படித்துக்கொண்டிருப்பான்.

இதோடு நின்றதா என்றால் இல்லை. இதே வேரின் இன்னொரு கிளையையும் வெட்டியிருக்கிறார்கள். ‘அதோலெசெந்தே’ என்றால் விடலைப் பருவத்துப் பிள்ளை. ஸ்பானிஷில் ‘அதோலெசேர்’ என்று ஒரு வினை இருக்கிறது, நோய் நொடியால் அவதிப்படுவது என்று பொருள். இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கிறதா, உடனே “விடலைப் பையன் என்றாலே குறையுள்ளவன், ஏதோ ஒன்று இல்லாதவன்” என்று விளக்கம் எழுதிவிட்டார்கள். பெற்றோர் கூட்டங்களில் சொல்லிச் சிரிக்கிற விஷயமாகவும் ஆகிவிட்டது. உண்மையில் அந்த வினை ‘வலி’ என்ற பொருள் கொண்ட ‘தொலேரே’ வேரைச் சேர்ந்தது. ‘அதோலெசெந்தே’யோ நம்முடைய ‘அலேரே’ வீட்டுப் பிள்ளை. லத்தீனில் ‘வளர்ந்துகொண்டிருக்கிறவன்’ என்று பொருள். வளர்ந்து முடித்தவன் ‘அதுல்தோ’, பெரியவன். ஆக ஊட்டப்பட்டவன், வளர்கிறவன், வளர்ந்தவன் என்று ஒரு மனிதனுடைய வாழ்க்கையே ஒரே வேரிலிருந்து வரிசையாக வருகிறது. பொய்க் கதைக்காரர்கள் கையில் இது என்னவாயிற்று? வெளிச்சம் இல்லாதவன், குறையுள்ளவன். எது அழகு என்று நீங்களே சொல்லுங்கள்.

உண்மை வறண்டது, பொய்தான் இனிப்பு என்று யார் சொன்னது?

இந்த வாட்ஸ்ஆப் பட்டியல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்பானிஷ் மொழியின் அபூர்வமான அழகிய சொற்கள், கிரேக்க லத்தீன் வேர்களோடு’ என்று வாரத்துக்கு ஒன்று வருகிறது. பூ, சூரிய அஸ்தமனம், நடுவில் ஒரு சொல். நானும் விடாமல் சேகரித்தேன், சோதித்தேன்.

‘லிமெரென்சியா’ என்று ஒன்று. காதல் பித்து, ஒருவரையே நினைத்து உருகுகிற நிலை. பழைய லத்தீன் என்று போட்டிருந்தார்கள். அது 1979-இல் டாரதி டென்னாவ் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் புத்தகத்துக்காக உண்டாக்கிய சொல். எந்த வேரும் இல்லாமல்தான் உண்டாக்கினார். லத்தீன் பேசியவர்கள் அதைக் கேட்டதே இல்லை.

‘ஹிதான்ஹாஃபோரா’ என்று இன்னொன்று. கேட்டால் அரிஸ்டாட்டில் வாயிலிருந்து வந்த மாதிரி இருக்கும். கியூபாக் கவிஞர் மரியானோ புருல் வெறும் ஓசைக்காக ஒரு கவிதையில் போட்ட சொல் அது. மெக்சிகோ எழுத்தாளர் அல்ஃபோன்சோ ரேயெஸ் அதை எடுத்து, பொருளே இல்லாமல் ஓசை இன்பத்துக்காக எழுதுகிற வகைக்குப் பெயராக வைத்தார். பொருள் இல்லை என்பதே அதன் பொருள்!

‘ஓஹலா’. அப்படி நடக்கட்டும் என்று ஆசைப்படும்போது சொல்வது. இதற்கும் லத்தீன் முத்திரை குத்தியிருந்தார்கள். அது அரபு. ‘அல்லா நாடினால்’ என்ற தொடர் ஸ்பெயின் மண்ணில் பல நூற்றாண்டு தேய்ந்து இப்படி ஆயிற்று. கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பாட்டியும் தினம் பத்து தடவை அதைச் சொல்கிறாள். இந்தச் சரித்திரத்தை லத்தீன் என்று மூடி மறைத்தால் யாருக்கு லாபம்?

‘செரெந்திபியா’. தேடாதபோது கிடைக்கிற நல்ல பொருள். இதையும் கிரேக்கத்தில் சேர்த்திருந்தார்கள். 1754-இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் ஒரு கடிதத்தில் உண்டாக்கிய சொல் அது. ‘செரெந்திப்பின் மூன்று இளவரசர்கள்’ என்ற பழைய கதையை வைத்து உண்டாக்கினார். செரெந்திப் எது தெரியுமா? இலங்கை! அரேபியரும் பாரசீகரும் அந்தத் தீவுக்கு வைத்திருந்த பெயர். ராமேசுவரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரை ஏதென்ஸுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

எல்லாமே பொய் என்று சொல்லவில்லை. ‘நெஃபெலிபாதா’ என்று ஒரு சொல் வந்தது. மேகத்தின் மேல் நடக்கிறவன், கனவுலகவாசி. உண்மையான கிரேக்கம். ‘ரெகோர்தார்’, நினைவுகூர்வது. இதயத்தின் வழியாக மறுபடி கொண்டுவருவது என்று விளக்கம் போட்டிருந்தார்கள். சந்தேகத்தோடுதான் பார்த்தேன். உண்மை! லத்தீனில் ‘கோர்’ என்றால் இதயம், நினைவின் இருப்பிடமும் அதுதான். நாம் மனப்பாடம் என்று சொல்வதில்லையா, அதே யோசனை. சரியானதைச் சரி என்று சொல்வதில் எனக்கு என்ன கஷ்டம்?

பெரிய மனிதர்களே இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கிறார்கள் என்று சிலர் வக்காலத்து வாங்குவார்கள். உண்மைதான். என் பேத்தி இருக்கிற அதே செவில் நகரத்தில் சுமார் 1400 வருஷத்துக்கு முன் இசிதோரோ என்ற பிஷப் இருந்தார். சொற்களின் பிறப்பைப் பற்றி இருபது பாகம் எழுதினார். மாத்ரித் தேசிய நூலகத்தின் படிக்கட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. நண்பன் என்ற லத்தீன் சொல்லுக்கு ‘ஆன்மாவின் காவலன்’ என்று விளக்கம் கொடுத்தார். அழகுதான், ஆனால் தப்பு. அதே இசிதோரோ ‘கதாவெர்’ என்ற பிணத்துக்கு ‘விழுதல்’ என்ற வினைதான் மூலம் என்று சரியாகவும் எழுதினார். இன்றைக்குச் சுற்றுகிற ‘புழுக்களுக்குக் கொடுத்த சதை’ என்ற விளக்கத்தை விட அவர் எவ்வளவோ மேல். 1611-இல் முதல் பெரிய ஸ்பானிஷ் அகராதியைத் தந்த கோவர்ரூபியாஸ் எதற்கெடுத்தாலும் எபிரேய மொழிக்கு ஓடினார். உலகத்தின் முதல் மொழி அது என்பது அவர் நம்பிக்கை. இருபதாம் நூற்றாண்டில் தத்துவ மேதை ஒர்தேகா இ கசெத், ‘ஸ்னாப்’ என்ற ஆங்கிலச் சொல் ‘குலப்பெருமை இல்லாதவன்’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் என்று அடிக்குறிப்பு எழுதினார். அதுவும் தப்பு.

ஆனால் இசிதோரோவுக்கும் கோவர்ரூபியாஸுக்கும் ஒரு நியாயம் உண்டு. அவர்கள் காலத்தில் பத்திரங்களை ஒப்பிட்டுப் பார்க்கிற முறையே கிடையாது. இன்றைக்கு அந்தச் சாக்கு செல்லுமா? ஜொவான் கொரோமினாஸ் என்று பார்சலோனாவில் பிறந்த ஒரு மனிதர். உள்நாட்டுப் போருக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி அர்ஜென்டினாவிலும் பிறகு சிகாகோவிலும் பேராசிரியராக இருந்தார். ஒவ்வொரு ஸ்பானிஷ் சொல்லும் எந்த நூற்றாண்டில், எந்த ஏட்டில் முதலில் எழுதப்பட்டது, எப்படி ஒலி மாறியது என்று தேடித் தேடி 1954 முதல் 1957 வரை நாலு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். பிறகு பாஸ்குவால் என்ற அறிஞரோடு சேர்ந்து அதை ஆறு தொகுதிகளாக விரித்தார். 1713-இல் பிறந்த ஸ்பானிஷ் அகாதெமியின் அகராதி இன்று கைப்பேசியில் இலவசம். ‘அலும்னோ’ என்று தட்டினால் முதல் வரியிலேயே ‘அலேரே, உணவளிப்பது’ என்று வருகிறது. மெழுகுவர்த்திப் படத்தை அனுப்ப எடுத்த நேரத்தில் பாதி போதும்.

அதைத் தட்டிப் பார்ப்பதற்குச் சோம்பல். அதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

தட்டிப் பார்த்தவனுக்குக் கிடைக்கிற சந்தோஷத்தைச் சொல்லட்டுமா? வௌவாலுக்கு ஸ்பானிஷில் ‘முர்சியெலாகோ’. ஐந்து உயிரெழுத்தும் அதில் இருக்கிறது என்று பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்வார்கள். லத்தீனில் ‘மூரிஸ்’ எலி, ‘சேக்குலுஸ்’ குருடு. குருட்டு எலி! முதலில் ‘முர்சியெகாலோ’ என்றுதான் இருந்தது. ஜனங்கள் வாயில் ‘க’வும் ‘ல’வும் இடம் மாறிவிட்டன. நம் ஊரில் குதிரையைக் ‘குருதை’ என்கிறார்களே, அதே சங்கதி. அகாதெமியின் அகராதியில் இரண்டு வடிவமும் இன்றைக்கும் இருக்கின்றன.

‘பாலாப்ரா’ என்றால் சொல். அந்தச் சொல்லே கிரேக்கம். ‘பரபோலே’, ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்து ஒப்பிடுவது. அது லத்தீனுக்கு வந்து, தெருவில் இறங்கி, ‘ர’வும் ‘ல’வும் இடம் மாறி ‘பாலாப்ரா’ ஆயிற்று. ஏதோ ஒரு தடவை நடந்த விபத்து இல்லை. ‘மிராகுலும்’ என்ற அற்புதம் ‘மிலாக்ரோ’ ஆனதும், ‘பெரிகுலும்’ என்ற ஆபத்து ‘பெலிக்ரோ’ ஆனதும் இதே ‘ர-ல’ மாற்றத்தில்தான். அதே கிரேக்கச் சொல் இன்னொரு தடவை புத்தக வாசல் வழியாக நுழைந்து, தேயாமல், ‘பராபோலா’ என்று நீதிக்கதைக்குப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒருவன் வயல் வேலைக்காரன், ஒருவன் வாத்தியார்.

கிரேக்கத்தில் சரக்கு வைக்கிற அறைக்கு ‘அபொதேகே’. அதிலிருந்து ஸ்பானிஷில் ‘பொதேகா’ வந்தது, ஒயின் வைக்கிற நிலவறை. ‘பொதிகா’ வந்தது, மருந்துக்கடை. பிரெஞ்சு வழியாக ‘பொட்டிக்’ வந்தது. அதை நம் தி.நகரில் புடவைக் கடைப் பலகையில் பார்க்கலாம். கிரேக்கம் என்றால் பண்டிதர்களின் மொழி, அபூர்வச் சொற்களில்தான் இருக்கும் என்று நினைத்தால் தப்பு. ஸ்பானிஷில் அடி, குத்து என்பதற்குச் சொல்கிற ‘கோல்பே’ கிரேக்கம். அனாதைக்குச் சொல்கிற ‘உவேர்ஃபனோ’ கிரேக்கம். மாமா, சித்தப்பா எல்லோருக்கும் பொதுவான ‘தியோ’வும் கிரேக்கம். செவில் தெருவில் பையன்கள் ஒருவரையொருவர் ‘தியோ’ என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள், நம் பையன்கள் ‘மச்சான்’ என்பது போல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு சொல்லின் பிறப்பு உண்மையாகவே கசப்பாக இருந்தாலும் அதனால் இன்றைய சொல் கெட்டுப்போகாது. வேலைக்கு ‘த்ராபாஹோ’ என்கிறார்கள். அதன் மூலம் ‘த்ரிபாலியும்’, மூன்று கட்டைகளைச் சேர்த்துச் செய்த சித்திரவதைக் கருவி. அதற்காக ஸ்பெயினில் யாரும் வேலைக்கு வேறு பெயர் வைக்கவில்லை. அப்படியிருக்க, ‘அலும்னோ’வுக்கு ஒருவேளை அந்தப் பொய்ப் பொருளே உண்மையாக இருந்தாலும் சொல்லைத் தூக்கிப் போட அது காரணம் ஆகாது. பொய் என்று தெரிந்த பிறகும் தூக்கிப் போடுவதை என்னவென்று சொல்வது?

சிரிக்காதீர்கள், நம் பக்கமும் இந்த வியாதி குறைவில்லை. காலையில் கூட நடக்கிற நண்பர் ஒருவர், ஸ்பானிஷில் பார்ப்பதற்கு ‘மிரார்’ என்று கேட்டதும் குதித்தார். “மிரளுதல்! தமிழ்தான்!” இல்லை ஐயா. வியந்து பார்ப்பது என்ற லத்தீன் வினை அது, மேலே சொன்ன ‘மிலாக்ரோ’வின் தமக்கை. ஒரே இனிஷியல் இருப்பதால் இரண்டு பேர் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா? ஸ்பானிஷில் தமிழ் இல்லாமல் இல்லை. ‘கதமரான்’ நம் கட்டுமரம், அவர்கள் அகராதியே ஒப்புக்கொள்கிறது. ‘பரியா’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன் என்று பொருள். ஒரு சமூகத்தின் பெயரை, நாம் அவர்களுக்குச் செய்த கொடுமையோடு சேர்த்து, போர்த்துகீசியர் எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தைரியம் உள்ளவன்தான் சொல்லாராய்ச்சி பேசவேண்டும். பெருமை வந்தால் எடுத்துக்கொள்வேன், வெட்கம் வந்தால் மறைப்பேன் என்றால் அது ஆராய்ச்சி இல்லை, வாரிசுச் சான்றிதழில் தங்கை பெயரை விட்டுவிடுகிற வேலை.

கடைசியாக என் சொந்த விஷயம். நான் ஏன் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன் என்று அந்தப் பெண்ணும் கேட்டாள்.

1961-இல் நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தேன். படிப்பு ஆசையில் சேரவில்லை. எங்கள் வீட்டில் மத்தியானம் அடுப்பு எரியாது. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டார்கள். சில நாள் சோறு, சில நாள் கோதுமைக் குருணை. அலுமினியத் தட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்போம். தட்டு காலியான பிறகுதான் அ, ஆ எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சோறு இல்லையென்றால் நான் பள்ளிக்கூடப் படியேறியிருக்க மாட்டேன், பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க மாட்டேன், எழுபதை நெருங்குகிற வயதில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டும் இருக்க மாட்டேன். ஊட்டப்பட்டவன் என்று ஒரு மொழி மாணவனுக்குப் பெயர் வைத்திருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பெயரை ஒரு மெழுகுவர்த்திப் படத்துக்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய், ஆசிரியையிடம் மரியாதையாக அகராதியின் அந்த வரியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “எனக்கு இதைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள் சார். நானும் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்றார். கோபப்படவில்லை. அன்றைய வகுப்பில் அதைத் திருத்திச் சொன்னார். அந்த நேர்மைக்கு என் வணக்கம். குழுவில் அந்தத் திருத்தத்துக்கு மூன்று கைதட்டல்தான் விழுந்தது. பரவாயில்லை.

ஓய்வு பெற்றவனுக்கு ஸ்பானிஷில் ‘ஹுபிலாதோ’. அதற்கு மூலமான லத்தீன் வினைக்குச் சந்தோஷத்தில் கூவுவது என்று பொருள், நாட்டுப்புறத்தான் வயலில் நின்று கூப்பாடு போடுவது போல. இதையும் சரிபார்த்துவிட்டேன், உண்மைதான். ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வரிசையில் நிற்கிற அன்று மட்டும் எனக்கு அந்தப் பொருள் அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

இப்போதெல்லாம் அறிமுகம் கேட்டால் சத்தமாகவே சொல்கிறேன்: ஹுபிலாதோ, அலும்னோ.